எந்த நேரத்து யூனிட்? வெள்ளவத்தை வீடொன்றின் மின்சாரக் கணக்கு

2022 மார்ச் 31. அன்று நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அம்மா பனையோலை விசிறியோடு வாசற்படியில் இருந்து பக்கத்து வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மாமா வீடு. 2019இல் அவர் கூரையில் 5 கிலோவொட் சோலார் பூட்டியிருந்தார்.

"பிள்ளை, மாமா வீட்டுக் கூரை முழுக்கக் கண்ணாடி. வெயிலும் இப்பிடி எறிக்குது. பிறகேன் அங்கையும் ஃபேன் சுத்தேல்லை?" என்று கேட்டார்.

கட்டடங்களின் மின்செலவைக் கணக்கெடுப்பதுதான் என் தொழில். "லைன் போனா சோலாரும் நிக்கும், அம்மா" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே மின்செலவைக் குறைத்து, சோலார் பூட்டி, அதில் வந்த பிழைகளைத் தேடித் திருத்தி மூன்று வருடம் போய்விட்டது. அம்மாவின் கேள்விக்கு இப்போது முழுப் பதில் சொல்ல முடியும். வீட்டுக்குச் சோலார் யோசிக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் அதை எழுதிவைக்கிறேன்.

முதலில் மாமா வீட்டு ஃபேன். கூரைத் தகடுகள் தருவது நேரோட்டம். இன்வேர்ட்டர் அதை 230 வோல்ட் ஆடலோட்டமாக மாற்றி வீட்டுக்கும் லைனுக்கும் கொடுக்கிறது. இந்த வகை இன்வேர்ட்டருக்குச் சொந்தத் தாளம் கிடையாது. வெளியே லைனில் விநாடிக்கு 50 தடவை வரும் அலையைப் பார்த்து, அதோடு சேர்ந்துதான் ஓடும். லைன் போய்விட்டால் அந்தக் கணமே தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் கையில் மாமா வீட்டு மின்சாரம் பாயும். ஆகவே அது நின்றது பிழையே இல்லை. பூட்ட வந்தவர்கள் இதை முன்கூட்டியே வீட்டுக்காரருக்கு விளங்கச் சொல்லாததுதான் பிழை. அந்த மாதங்களில் கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இதே ஏமாற்றத்தைக் கண்டேன்.

மீற்றருக்கு முன்னால் ஓர் இரவு

2023 பெப்ரவரியில் கட்டணம் கூடியது. எங்கள் வீட்டுப் பாவனை மாதம் 330 யூனிட் அளவு. 2022 ஓகஸ்ட்டுக்கு முந்திய கட்டணத்தில் அதற்கு 10,800 ரூபாய் வரை வந்தது. புதிய கட்டணத்தில் யூனிட்டுகளுக்கு 19,530, நிலையான கட்டணம் 2,000, ஆக 21,530 ரூபாய். வரி வேறு. ஓய்வூதியத்தில் இருக்கும் அப்பா பில்லை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, "சரி, நாங்களும் சோலார் போடுவம்" என்றார்.

நான் ஒரு வருடம் பொறுக்கச் சொன்னேன். ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் பூட்டி என்ன பயன்? வீடு எதில் மின்சாரத்தைத் தின்கிறது என்று தெரியாமல் கூரையை அளக்கக்கூடாது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பொறுத்தார்.

டிஜிட்டல் மீற்றரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மீற்றரில் அதன் பக்கத்தில் 1600 என்று எழுதியிருக்கிறது. 1600 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். அப்படியானால் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணி 37.5ஆல் பெருக்கினால், அந்த நேரம் வீடு இழுக்கும் வொட் கிடைக்கும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், மணிக்கூடு இருந்தால் போதும். உங்கள் மீற்றரில் வேறு எண் இருக்கலாம். அதைப் பார்த்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு அறை ஏ.சி.யை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, டோர்ச் லைட்டோடு மீற்றர் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு நிமிடத்துக்கு 9 சிமிட்டல். மூன்று ஃபேன், பிறிட்ஜ், ரவுட்டர் எல்லாம் சேர்த்து 340 வொட் அளவு என்று குறித்துக்கொண்டேன். இரண்டு மணி பத்து நிமிடமிருக்கும், விளக்கு படபடவென்று அடித்தது. எண்ணினால் 29. எங்கிருந்தோ 750 வொட் கூடியிருக்கிறது. காதைக் கொடுத்துக் கேட்டால் பின்பக்கத்தில் தண்ணி மோட்டர் ஓடுகிறது. வீட்டில் எல்லாரும் நித்திரை, ஒரு பைப்பும் திறந்தில்லை. நாலு நிமிடம் ஓடி நின்றது. விடியுமுன் இன்னும் இரண்டு தரம் ஓடியது.

காலையில் மாடிக் கழிவறைத் தண்ணிப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். அடியிலிருந்த ரப்பர் வாஷர் தேய்ந்து, நூல் மாதிரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பீங்கானின் உட்பக்கத்தில் மஞ்சள் கோடு விழுந்திருந்ததைப் பார்த்தால் நெடுநாளாகவே போயிருக்க வேண்டும். தாங்கியில் மட்டம் குறையக் குறைய மோட்டர் தானாக ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வாஷர் மாற்றியதோடு அந்த யூனிட்டுகள் மிச்சமாயின. தண்ணீர்ப் பில்லும் இறங்கியது.

மற்றவை எல்லா வீட்டிலும் இருப்பவைதான். பழைய பிறிட்ஜ் நாளுக்கு இரண்டரை யூனிட் தின்றது. இன்வேர்ட்டர் வகைப் புதியது ஒரு யூனிட்டோடு அடங்குகிறது. பழையதை யாருக்காவது கொடுக்கலாம் என்றார் அம்மா. நான் விடவில்லை, அது இன்னொரு வீட்டில் மாதம் 75 யூனிட் தின்னும், பழைய இரும்புக்குப் போகட்டும் என்றேன். நாலு ஃபேனையும் பி.எல்.டி.சி. எனும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டர் வகைக்கு மாற்றினோம். 65 வொட் இழுத்த இடத்தில் இப்போது 30 வொட், காற்றில் குறையில்லை. ஏ.சி. மட்டும் கொஞ்சம் வாக்குவாதத்தைக் கொண்டுவந்தது. அப்பாவுக்கு 20 பாகையில் போட்டுப் போர்வையால் மூடிக்கொண்டு படுக்கும் பழக்கம். 26இல் வைத்து மேலே ஃபேனையும் மெதுவாக விட்டால் அதே குளிர்மை உடம்புக்குக் கிடைக்கும் என்று ஒரு கிழமை சோதனை வைத்தோம். ஐந்தாம் நாள் போர்வை அலுமாரிக்குப் போய்விட்டது. ஏ.சி. செலவு பாதியாகியது.

2023 முடியும்போது மாதப் பாவனை 178 யூனிட். பெப்ரவரிக் கட்டணத்திலேயே கணக்கிட்டால் 9,680 ரூபாய். கூரையில் ஒரு தகடுகூட இல்லாமலே பில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்தக் கட்டணத்தில் 180க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் 75 ரூபாய். சிக்கனம் முதலில் வெட்டியது அந்த விலையுயர்ந்த யூனிட்டுகளைத்தான். நிலையான கட்டணமும் 2,000இலிருந்து 1,500க்கு இறங்கியது. இந்த வேலையைச் செய்யாமல் சோலார் பூட்டியிருந்தால், பழைய பிறிட்ஜுக்கும் கழிவறைக் கசிவுக்கும் சேர்த்துத் தகடு வாங்கியிருப்போம்.

வடக்குக் கூரை

2024இல் கூரைக்கு வந்தோம். பார்க்க வந்தவர்களில் ஒருவர் 10 கிலோவொட் போடச் சொன்னார். நான் 2 போதும் என்றேன். அம்மாதான் இடையில் புகுந்து, 2022 காஸ் வரிசையை நினைவுபடுத்தினார். மத்தியானச் சமையலை இண்டக்ஷன் அடுப்புக்கு மாற்றிவிட்டால் இனிமேல் சிலிண்டரோடு தெருவில் நிற்க வேண்டாமே என்றார். நியாயமான பேச்சு. சமையலுக்கு மாதம் 55 யூனிட் அளவு சேர்த்து, 3 கிலோவொட் என்று முடிவாகியது.

எங்கள் கூரையின் ஒரு சரிவு தெற்கே பார்க்கிறது, மற்றது வடக்கே. தெற்குச் சரிவில்தான் போட வேண்டும் என்று நிறுவனத்தார் நின்றார்கள். தெற்கிலோ எட்டு மாடித் தொடர்மாடி ஒன்று எழுந்து நிற்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது காலை பத்து மணிவரை அந்தச் சரிவில் நிழல்.

தெற்கு என்ற விதி இந்தியாவின் வட பகுதிகளுக்கும் அதற்கு மேலே உள்ள நாடுகளுக்கும் முழுமையாகப் பொருந்தும். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. வருடாவருடம் ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும் என்று வானிலை அறிவித்தல் வருமே, அதற்குப் பிறகு செப்டெம்பர் தொடக்கம்வரை நண்பகல் வெயில் எங்களுக்கு வடக்குப் பக்கத்திலிருந்துதான் விழுகிறது. ஜூன் மாதத்தில் உச்சியிலிருந்து 16 பாகை வடக்கே, டிசம்பரில் 30 பாகை தெற்கே. எங்கள் கூரைபோலச் சாய்வு குறைந்த கூரையில், வருடக் கணக்கில் பார்த்தால் வடக்குச் சரிவுக்கும் தெற்குச் சரிவுக்கும் பெரிய வித்தியாசம் வராது. நிழல் பறிக்கும் அளவோடு ஒப்பிட்டால் அது சிறிது. ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல்கூட அந்த வரிசையையே இழுத்துவிடும். ஆகவே வடக்குச் சரிவிலேயே போட வைத்தோம். சரியான முடிவு என்று ஒரு வருட அளவீடு சொல்கிறது. நல்ல மாதமான மார்ச்சில் 378 யூனிட், மழை மாதமான நவம்பரில் 262, சராசரி 325.

கடற்கரை வீட்டுக்காரருக்கு இன்னுமொன்று. உப்புக் காற்று கண்ணாடியை ஒன்றும் செய்யாது, ஆணிகளைத்தான் தின்னும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண முலாம் பூசிய இரும்பு நட்டைப் போட்டால், உப்பீரத்தில் முலாம் சீக்கிரமே அரிந்துபோய் இரும்பு துருப்பிடிக்கும். மாமா வீட்டில் இரண்டாம் வருடமே துரு கூரையில் வழிந்தது. நாங்கள் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு நட்டுகளைக் கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே ஏற்றவிட்டோம். அஸ்பெஸ்டஸ் சீற் கூரை என்றால் துளைக்கும் இடமும் முக்கியம். மேட்டில் துளைத்து ரப்பர் வைத்து இறுக்க வேண்டும். பள்ளத்தில் துளைத்தால் முதல் மழைக்கே ஒழுகும். அந்தத் தூசியை மூச்சில் எடுக்கவும் கூடாது, நனைத்துக்கொண்டுதான் துளைக்க வேண்டும்.

தகடு கழுவுவது பெரிய வேலை இல்லை, கொழும்பு மழை பார்த்துக்கொள்ளும். காக எச்சத்தை மட்டும் விடக்கூடாது. அது மூடிய இடம் சூடேறி அந்தக் கலமே பழுதாகும். விடியற்காலையில் தண்ணீர் அடித்தால் போய்விடும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது கூடாது.

253

2024 செப்டெம்பரில் இணைப்புக் கிடைத்தது. எங்களது நெட் அக்கவுண்டிங் முறை. வெளியே கொடுத்ததையும் வெளியிலிருந்து எடுத்ததையும் மாத முடிவில் கழித்து, மிச்சத்துக்குக் காசு தருவார்கள். மாமா சேர்ந்தது 2016இல் அரசு தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலார் திட்டத்தின் விலையில், அதாவது முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், அதன்பின் 15.50. எங்களுக்கு 27.

முதல் மாதக் கணக்கு நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மப்பு என்று நினைத்தேன். இரண்டாவது மாதமும் அப்படியே. அப்பா ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாளாந்த யூனிட்டை எழுதி வந்தார். அதைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமையளிலதான் கூடக் குறையுது, பிள்ளை. வெயில் கிழமை பாக்குமே?"

அடுத்த ஞாயிறு பதினொன்றரைக்கு இன்வேர்ட்டருக்கு முன்னால் நின்றேன். திரையில் லைன் வோல்டேஜ் 247. ஒரு முகில் விலகியது. 249, 251, 252. பிறகு 253 என்று வந்ததும் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம், பச்சை விளக்குப் போய்ச் சிவப்பு வந்தது. உற்பத்தி பூச்சியம். சில நிமிடம் கழித்துத் திரும்ப எழும்பியது, ஏறியது, மறுபடி "டக்". ஒரு மணித்தியாலத்தில் ஏழு தடவை. உச்சி வெயிலில், வேலை செய்ய வேண்டிய நேரத்தில், தகடுகள் சும்மா கிடந்தன.

ஏன் அப்படி? தண்ணீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்குப் போவதைப்போல, மின்சாரம் வோல்டேஜ் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். வீட்டிலிருந்து லைனுக்குத் தள்ள வேண்டுமானால் இன்வேர்ட்டர் லைனைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். ஒழுங்கையில் பல வீட்டிலும் சோலார். ஞாயிறு நண்பகல் கடைகளும் அலுவலகங்களும் பூட்டு, மின்சாரத்தை எடுப்பாரில்லை. எல்லா வீடும் தள்ளத் தள்ள லைன் மட்டம் ஏறுகிறது. இலங்கையில் வீட்டு வோல்டேஜ் 230, கூடவோ குறையவோ 6 சதவீதம் போகலாம், அதாவது 244 வரை. எங்கள் லைன் அதற்கு மேலே நின்றது. 253ஐத் தொட்டால் இன்வேர்ட்டர் தன்னைத்தானே நிற்பாட்டிக்கொள்ளும்.

தெருப் பிரச்சினை என்று அதோடு விட்டிருப்பேன். ஏதோ ஓர் எண்ணத்தில் வோல்டேஜ் அளக்கும் மல்ட்டிமீற்றர் ஒன்றைக் கொடுத்து அப்பாவைக் கீழே மெயின் போர்டில் நிற்கவைத்து, நான் இன்வேர்ட்டரடியில் நின்று, தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் வாசித்தோம். என்னிடம் 252. "இங்கை 247தான்" என்றார் அப்பா. ஒரே வீட்டுக்குள் 5 வோல்ட் வித்தியாசம்! மாடி இன்வேர்ட்டரிலிருந்து கீழே போர்டுவரை 90 அடி வயர். பூட்டியவர்கள் போட்டிருந்தது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். 13 ஆம்பியருக்கு அந்த வயர் சூடேறாது, எரியாது, அந்த வகையில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதன் தடையும் 13 ஆம்பியரும் பெருக்கிப் பார்த்தால் அதே 5 வோல்ட் வருகிறது. தெரு பாதி, எங்கள் சொந்த வயர் பாதி. 10 சதுர மில்லிமீற்றர் வயராக மாற்றினோம். வித்தியாசம் 1 வோல்ட்டும் சொச்சமுமாக இறங்கியது. அந்த 4 வோல்ட் எங்களுக்குப் பெரிய மூச்சு.

மிச்சத்துக்கு அம்மா வழி கண்டுபிடித்தார். முன்பு காலை ஆறு மணிக்கே சமையலை முடித்து, இரவில் உடுப்புத் தோய்த்து, பின்னேரம் அயன் பண்ணுவார். உச்சி நேரத்தில் வீட்டிலேயே மின்சாரத்தை எடுத்தால் லைனுக்குத் தள்ளுவது குறையும், வோல்டேஜ் இறங்கும் என்று சொன்னதும் எல்லாவற்றையும் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் கொண்டுவந்துவிட்டார். இண்டக்ஷனில் பருப்பு வைத்ததும் திரையில் எண் இறங்குவதைப் பார்ப்பது அவருக்கு இப்போது ஒரு பழக்கம். தண்ணி மோட்டரை நான் டைமரில் போட்டு நண்பகலுக்கு மாற்றினேன். தொழிற்சாலைகளில் இதையே பெரிய பெயர் சொல்லிச் செய்கிறோம். எங்கள் வீட்டில் செய்தது அம்மாவின் குசினி.

மின்விநியோக அலுவலகத்துக்கும் எழுதினோம். ஏழு கிழமைக்குப் பிறகு வந்து கம்பத்தில் அளந்தார்கள். தெரு லைனில் மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு பேஸ். சோலார் வீடுகள் பெரும்பாலும் ஒரே பேஸில் குவிந்திருந்தன. எங்கள் வீட்டை வேறொரு பேஸுக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் சிவப்பு விளக்கு எரிந்தது அபூர்வம்.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நேரம் மாற்றியதால் எங்கள் பில் குறையவில்லை. மாதம் உற்பத்தி 325, பாவனை 233 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பகலில் வீட்டிலேயே எடுத்தது 60 என்றால், வெளியே போவது 265, வெளியிலிருந்து வருவது 173. இப்போது பகலில் 130 எடுக்கிறோம். வெளியே 195, உள்ளே 103. இரண்டிலும் வித்தியாசம் 92 தான். 92 யூனிட்டுக்கு 27 ரூபாய்ப்படி 2,484. நண்பகலில் கொடுத்த யூனிட்டையும் இரவு எட்டு மணிக்கு எடுத்த யூனிட்டையும் ஒரே தராசில் வைப்பதால் பில்லில் நேரம் தெரியாமல் போகிறது. நாட்டின் மின்கட்டமைப்புக்கு அந்த இரண்டும் ஒன்றில்லை என்பதை அடுத்த பெப்ரவரி காட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. காலை பதினொன்றேகால் அளவில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறு என்று அறிவித்தார்கள். குரங்குக் கதையே எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. எனக்கு அதைவிட அந்த மணி முக்கியம். ஞாயிறு, பதினொன்றேகால், நல்ல வெயில்.

நீரிலும் நிலக்கரியிலும் ஓடும் மின்நிலையங்களில் பல தொன் எடையுள்ள சுழலிகள் சுற்றுகின்றன. எங்காவது திடீர்க் கோளாறு வந்தால், சுற்றுகிற அந்தப் பாரம் உடனே நின்றுவிடாது. அது தரும் சில விநாடியில் மற்றப் பாதுகாப்புகள் வேலை செய்யும். ஸ்விட்சை நிற்பாட்டிய பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றுகிற மாதிரி. எங்கள் கூரைத் தகட்டில் அப்படிச் சுற்றுகிற எதுவும் இல்லை. தேவை குறைந்த ஞாயிறு நண்பகலில் சோலாரின் பங்கு கூடிவிட்டால், சுழலிகளின் பங்கு குறைந்துபோகும். அப்போது சின்னத் தட்டும் பெரிதாகத் தாக்கும். அன்று நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் விழுந்தன. அவை உடனே எழும்பவில்லை, அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலப்படி மின்வெட்டு வந்தது.

பிறகு ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. 13ஆம் திகதியிலிருந்து 21 வரை பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை நிற்பாட்டி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. காசு போட்டுப் பூட்டியவர்கள் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. கட்டமைப்பைத் தயார்ப்படுத்தாமல் வருடக்கணக்கில் கூரைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனதன் விலையை வீட்டுக்காரரிடம் கேட்பது நியாயமில்லை. ஆனாலும் நாங்கள் நிற்பாட்டினோம். அந்த நேரத்தில் எங்கள் யூனிட் நாட்டுக்குத் தேவைப்படவில்லை. மாலை ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில்தான் தேவை உச்சத்துக்கு ஏறுகிறது, அப்போதுதான் எண்ணெய் எரித்துச் செய்யும் விலைகூடிய மின்சாரம் ஓடுகிறது. 2025இல் பற்றரியில் சேமித்து அந்த மாலை நேரத்தில் கொடுக்கும் யூனிட்டுக்கு 45.80 ரூபாய் என்று விலை வைத்ததும் இதனால்தான். சாதாரணப் பகல் யூனிட்டுக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 27ஐவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது.

எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எங்களுக்கு முடிந்தது 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். திரும்பும் காலத்தை ஒரே எண்ணில் நான் சொல்வதில்லை. 2024 ஜூலையில் கட்டணம் 22.5 சதவீதம் குறைந்தது, 2025 ஜனவரியில் இன்னும் 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் கூடியது. இந்த மாதப் பில்லை வைத்து "அஞ்சு வருஷத்தில எடுத்திடலாம்" என்று சொல்கிறவர் எந்தக் கட்டணத்தில் கணக்குப் போட்டார் என்று கேளுங்கள். யூனிட்டை எண்ணுங்கள், அது மாறாது.

மின்வெட்டுக்கு நாங்கள் பெரிய பற்றரி வாங்கவில்லை. 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி, லிதியம் இரும்பு பொஸ்பேட் வகை ஒன்றும் சிறிய இன்வேர்ட்டரும் தனியாக வைத்திருக்கிறோம். கொள்ளளவு ஒன்றேகால் யூனிட். மூன்று ஃபேன் 90 வொட், லைட் 30, ரவுட்டர் 12. எட்டு மணித்தியாலம் தாங்குகிறது. பழைய ஃபேன்கள் இருந்திருந்தால் நாலரை மணித்தியாலம்கூட வந்திராது. சார்ஜ் ஏற்றுவது நண்பகலில், அதுவும் டைமரில்தான். ஏ.சி.யும் பிறிட்ஜும் அதில் இல்லை. பிறிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணித்தியாலத்துக்குச் சாமான் பழுதாகாது.

மழைநீரையும் இதோடு சேர்த்தோம். கொழும்பில் வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவு மழை பெய்கிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் விழுந்தால் ஒரு லீற்றர். பின்கூரையின் பீலியை ஒரு 1,000 லீற்றர் தாங்கிக்கு விட்டு, கீழ்க் கழிவறைக்கும் முற்றத்துக் கறிவேப்பிலைக்கும் பாவிக்கிறோம். முதல் மழையைத் தாங்கிக்குள் விடக்கூடாது, காக எச்சம் எல்லாம் அதில்தான் வரும். மோட்டர் ஓடும் நேரமும் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

அப்பாவின் கலண்டர் தாள் இப்போது ஒரு கொப்பியாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் மூன்று எண் எழுதுகிறார், உற்பத்தி, வெளியே போனது, உள்ளே வந்தது. போன கிழமை மாமா வந்து அதைப் புரட்டிப் பார்த்தார். 2019இல் பூட்டிய அவருக்கு 22 ரூபாய் ஏழு வருடம் 2026இல் முடிகிறது, பிறகு 15.50. இன்னும் ஐந்து கிலோவொட் கூட்டினால் சரியாகுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்கட இன்வேர்ட்டர் எங்கை இருக்கு?" என்று கேட்டேன்.

"மேல் மாடியில, பிள்ளை."

"மெயின் போர்ட்?"

"முன் கேற்றடியில." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்ப எங்கட வயர் உங்கடையைவிட நீளம் என்ன?"

வருகிற ஞாயிறு பதினொன்றரைக்கு அப்பா கேற்றடியில் நிற்பார், நான் மேல் மாடியில். மாமிக்கு அந்த நேரம் இண்டக்ஷனில் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.